ரெண்டு பேருக்குக் கேட்ட சத்தம்

அந்தச் சன்னலைச் சாத்திராதீங்க அம்மணி. காத்து மூஞ்சில அடிச்சாலும் பரவால்ல. உங்களுக்கு ஆகலீன்னா நான் அந்தப் பக்கம் வந்துக்கறேன், நீங்க இப்படி உக்காருங்க. காத்து எரைச்சல் இருந்தாத்தான் எனக்குச் சித்த நிம்மதி. சாத்திப்போட்டா என் காதுக்குள்ள இருக்கறது தனியா எந்திரிச்சு நிக்கும்.

ஏனுங்க கண்டக்டரு, கோயமுத்தூரு ஒண்ணு குடுங்க. ஒண்ணுதான். பின்னாடி இருந்து ரெண்டுன்னு கை காட்டறாரே, அவரைப் பாக்காதீங்க. அவரு டிக்கெட்ட அவரு வாங்கட்டும், என் டிக்கெட்ட நான் வாங்கிக்கறேன்.

நீங்களும் திரும்பிப் பாக்காதீங்க அம்மணி. பாத்தா சிரிப்பாரு. நல்ல மனுசனாட்டமே சிரிப்பாரு. எங்கூட்டுக்காரருதான். சென்னியப்பன்னு பேரு. எங்கூரு குன்னத்தூருக்குப் பக்கம். பால் சொசைட்டில முப்பத்தொரு வருசம் பாலைச் சோதிச்சுப் பாக்கற டெஸ்டரா இருந்து ரிட்டயராகி வந்தவரு. அவருகிட்ட நான் பேச்சை நிறுத்தி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. சோறு போடறேன், துணி தொவைச்சுப் போடறேன், மாத்திரை எடுத்து வைக்கறேன். பேச்சு மட்டும் இல்ல.

ஏன்னு கேக்கமாட்டீங்களா? அந்த ஒயரைக் காதுல இருந்து எடுங்க, சொல்றேன். அவிநாசி போறதுக்குள்ள முடிஞ்சிரும்.

போன வருசம் ஆடில, பதினெட்டாம் பெருக்கு கழிஞ்சு மூணாம் நாளு. வெடியால எந்திரிச்சுப் பாத்திரம் வெளக்கப் போறேன், ஒரு சத்தம். குக்கர்ல விசில் வர்றதுக்கு முந்தி ஸ்ஸுனு ஒண்ணு வருமில்லீங்க, அது. விசில் வந்து அடங்கோணுமில்ல? வரல. ஸ்ஸ்ஸுனு அங்கயே நிக்குது. அடுப்பைப் பாத்தா, அடுப்பே நான் இன்னும் பத்த வைக்கல.

ஏனுங்க, இங்க வாங்க, இது உங்களுக்குக் கேக்குதான்னேன். வந்தாரு. சமையல்கட்டுல நடுவால நின்னு கேட்டாரு. "ஒண்ணும் கேக்கலயே புள்ள"ன்னாரு. நல்லாக் கேளுங்கன்னேன். "இல்லயே"ன்னுட்டு பேப்பர் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

எனக்கு எப்படி இருக்குமுன்னு பாருங்க. மூணு நாளு நான் அவருகிட்டப் பேசல. கோவமெல்லாம் இல்லீங்க. எனக்குக் கோவமே வராது, யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அவ்வளவு பெரிய சத்தம் கேக்கலங்கறவருகிட்டப் பேசறதுக்கு என்ன இருக்குது? சோத்தைப் போட்டு மூடி வச்சுப்போட்டு நான் போய்ப் படுத்துக்குவேன். நாலாம் நாளு, கொல்லைல பல்லு வெளக்கிட்டு இருந்தவரு பிரஷ்ஷும் கையுமா ஓடியாந்தாரு. "வசந்தா, நீ சொன்னது நெசந்தான் புள்ள. இப்பத்தான் எனக்குப் பிடிபடுது. ஸ்ஸுனு வருது"ன்னாரு.

பாத்தீங்களா, கவனிச்சாக் கேக்குமுன்னு நான் மொதல்லயே சொன்னேன்னேன். அன்னைக்கு மத்தியானம் அவருக்குப் புடிச்ச அரிசிம்பருப்புஞ்சோறு ஆக்கி, மேல எச்சா நெய் ஊத்திக் குடுத்தேன்.

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேந்து தேடுனோம். ஃபிரிட்ஜை நிறுத்துனோம். தயிரெல்லாம் புளிச்சுப் போச்சு, சத்தம் நிக்கல. செவுத்துக் கெடியாரத்துல பேட்டரியக் கழட்டுனோம். கேஸ் சிலிண்டரை வெளிய உருட்டிட்டுப் போயி வச்சோம். மொட்டை மாடில தண்ணித் தொட்டிக்குள்ள தலைய விட்டுப் பாத்தாரு. சொசைட்டிக்கு வர்ற மாட்டு டாக்டருகிட்ட ஒரு பழைய ஸ்டெதஸ்கோப்பு இருந்துச்சுங்க. அதை வாங்கியாந்து செவுரு செவுரா வச்சுக் கேப்பாரு. கண்ணை மூடிக்கிட்டு, மாட்டு வவுத்துல கன்னுக்குட்டி பாக்கறாப்புல. "இங்க கொஞ்சம் எச்சா இருக்குது புள்ள"ம்பாரு. நான் போய்க் காதை வப்பேன். ஆமாங்க, எச்சாத்தான் இருக்கும். படுக்கற ரூம்பு செவுத்துல ஒரு எடத்துல அப்படிச் சொன்னாரு. உள்ள குழாய் போவுது, அதுல காத்து அடைச்சிருக்கும்னு நான் சொன்னேன். அவரே உளி எடுத்து ஒரு மொழம் கொத்துனாரு. உள்ள செங்கல்லுதான் இருந்துச்சு. இன்னும் பூசல, அப்படியேதான் கெடக்குது.

ஊர்ல அவளவள் வூட்டுக்காரரு என்னென்னமோ பண்றாங்க. எங்கூட்டுக்காரரு எனக்காகச் செவுத்தைக் கொத்துறாருன்னு நான் பெருமைப்பட்டேன் அம்மணி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கலியாணமாயி முப்பத்தாறு வருசத்துல அந்த ரெண்டு மாசந்தான் நாங்க அவ்வளவு ஒண்ணா இருந்தோம். சொசைட்டில இருந்த வரைக்கும் காலைல நாலரைக்குப் போனா பொழுதோடதான் வருவாரு. வந்தா மேலெல்லாம் பால் கவுச்சி அடிக்கும், சாப்புட்டுத் தூங்கிருவாரு. இப்ப எந்நேரமும் எங்கூடவே. ரெண்டு பேரும் சோபாவுல கம்முனு உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்போம்.

ஐப்பசில திருப்பூர்ல ஒரு காது டாக்டருகிட்டப் போனோம். கண்ணாடி ரூம்புக்குள்ள உக்கார வச்சு, காதுல ஒண்ணை மாட்டி, கையில ஒரு பட்டனைக் குடுத்து, சத்தம் கேக்கறப்ப எல்லாம் அமுக்குங்கம்மான்னாங்க. எனக்குத்தான் எந்நேரமும் கேக்குதே. அமுக்குனது அமுக்குனபடியே புடிச்சுக்கிட்டேன். அந்தப் பொண்ணு உள்ள வந்து, "ஆன்ட்டி, மெஷின் போடற சத்தத்துக்கு மட்டும்"னுச்சு. எனக்கெப்படித் தெரியும் எது மெஷினோடது, எது என்னோடதுன்னு?

டாக்டரு காயிதத்தைப் பாத்துட்டு, காது நல்லாத்தான் இருக்கு, உங்க வயசுக்கு ஒண்ணும் குத்தமில்லன்னாரு. அப்பறம் ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க. "வீட்டுல வேற யாருக்காச்சும் இந்தச் சத்தம் கேக்குதாம்மா?"

இவரைக் காமிச்சேன். இவருக்கும் கேக்குதுங்கன்னேன்.

டாக்டரு இவரைப் பாத்து, "உங்களுக்குங்களா? நெஜமா கேக்குதா?"ன்னாரு. இவரு என்னைப் பாத்தாரு. நானும் அவரைப் பாத்தேன். "கேக்குதுங்க"ன்னாரு.

டாக்டரு பேனாவை மூடி வச்சுட்டாரு. "ரெண்டு பேருக்குக் கேக்குதுன்னா அது காதுக்குள்ள இல்லம்மா. வெளிய எங்கயோ இருக்கு. போயி அக்கம்பக்கம் பாருங்க"ன்னு தாட்டி விட்டுட்டாரு.

எனக்கு இருந்த சந்தோசத்தை என்னன்னு சொல்றது. கோளாறு எனக்கில்ல, வெளியதான் இருக்குதுன்னு டாக்டரே சொல்லிப்புட்டாரே. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஓட்டல்ல ரவா தோசை வாங்கிக் குடுத்தாரு. நான் ரெண்டு தின்னேன். அவரு ஒண்ணைப் பிச்சு வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. ஏனுங்க, நல்லால்லையான்னு கேட்டேன். நல்லாருக்குன்னாரு. அன்னைக்கு எனக்கு அது ஒறைக்கல.

வெளியன்னா வெளிய என்ன இருக்குது எங்க வீதில? பக்கத்தூட்டுல நவமணி பையன் ஆர்.ஓ. தண்ணி கேன் போடற கம்பெனி ஆரம்பிச்சிருந்தான். முந்தி மாடு கட்டுன கட்டுத்தரைல செட்டு போட்டு மோட்டாரு வச்சிருந்தான். வேற எது?

நவமணி எனக்கு இருவத்திரெண்டு வருசப் பழக்கமுங்க. எம் மகளுக்குப் பிரசவம் சிக்கலாயி ஒம்பது நாளு ஆஸ்பத்திரில கெடந்தப்ப, எங்கூடவே தரைல பாய் போட்டுப் படுத்திருந்தவ அவ. அதனால மொதல்ல மரியாதையாத்தான் போயிக் கேட்டேன். "ஏன்க்கா, உங்களுக்குச் சத்தம் வந்தது ஆடிலன்னீங்க. நாங்க ஆவணி பொறந்துதானுங்க்கா பூஜை போட்டோம். ஆடில யாராச்சும் தொழில் தொடங்குவாங்களா?"ன்னா. தொடங்கமாட்டாங்கதான். தொடங்காம ஓட்டிப் பாக்கலாமில்ல? மோட்டாரு முன்னாடியே வந்து எறங்கியிருக்கும், சும்மா போட்டுப் பாத்திருப்பான். அதை நான் சொன்னதும் அவளுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு.

ஆனாலும், சரிங்க்கா, உங்களுக்கோசரம் மூணு நாளு நிறுத்தி வைக்கறோம், பாருங்கன்னா. நிறுத்துனாங்க. எனக்குச் சத்தம் அப்படியே இருந்துச்சு. நானே அசந்துட்டேன். அப்ப இது இல்லயோன்னு ரோசனை பண்ணிக்கிட்டு இருக்கறப்பதான் இவரு சொன்னாரு. "கொஞ்சம் கொறைஞ்சாப்புல இருக்குதே புள்ள"ன்னு. அவரு சொன்னதும் எனக்கும் கொறைஞ்சாப்புல இருந்துச்சு. அப்ப என்ன அர்த்தம்? பெரிய மோட்டாரை நிறுத்திப்போட்டு உள்ள சின்னதா ஒண்ணைத் தெரியாம ஓட்டறாங்கன்னுதானே? போயிக் கேட்டேன். வீதில நின்னு கேட்டேன். அதோட அவளுக்கும் எனக்கும் முடிஞ்சு போச்சு.

நோட்டைப் பத்திச் சொல்லல பாருங்க. மனு குடுக்கறதுன்னா ஆதாரம் வேணுமில்ல? அவரு சொசைட்டில எழுதறாப்புலயே ஒரு நோட்டுப் போட்டாரு. காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. பாலுக்கு லேக்டோமீட்டர் விட்டு இருவத்தெட்டு, இருவத்தாறுன்னு டிகிரி எழுதுவாங்கல்ல, அந்தக் கணக்குத்தான் அவருக்குத் தெரியும். சத்தத்துக்கும் டிகிரி போட்டாரு. ரெண்டு பத்தி. ஒண்ணு என்னுது, ஒண்ணு அவருது. மொதல்ல என்னையத்தான் கேப்பாரு. "உனக்கு இன்னைக்கு எவ்வளவு புள்ள?" நான் இருவத்தேழுன்னா எழுதிக்குவாரு. அப்பறம் கண்ணை மூடி ஒரு நிமிசம் கேட்டுப்போட்டு அவருக்கு இருவத்தாறுன்னு போடுவாரு. எப்பவும் என்னையவிட ஒண்ணு கம்மி. ஆம்பளைக் காது அவ்வளவுதான் புடிக்கும்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

அஞ்சு மாசம் அப்படி எழுதியிருக்காரு அம்மணி. ஒரு நாளு விடாம. பொங்கலன்னைக்குக்கூட.

மாசில ஒரு திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல போயி மனுக் குடுத்தோம். நோட்டை ஜெராக்ஸ் போட்டுச் சேத்து வச்சு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவரு போடறப்ப கை சித்த நின்னுச்சு. ஏனுங்கன்னேன். பேனா எழுதலன்னாரு. வேற பேனா வாங்கிக் குடுத்தேன்.

பங்குனில ஒரு புதங்கெழமை வந்தாங்க. சத்தம் அளக்கற மீட்டரு வச்சுக்கிட்டு ஒரு இன்ஜினீயரு, வி.ஏ.ஓ., ஈ.பி. வயர்மேன் ஒருத்தரு. வயர்மேன் வீட்டுக்குள்ள வரல, வெளியவே எங்கயோ போனாரு. இன்ஜினீயரு சின்ன வயசுதான், தன்மையான பையன். எங்கூட்டு ஹால்ல உக்காந்து காப்பி குடிச்சாரு. ஃபேனை நாங்களே நிறுத்தி வச்சிருந்தோம், சத்தம் நல்லாக் கேக்கணுமின்னு. வீதில இருக்கறவங்க பாதிப் பேரு வாசல்ல. நவமணியும் நின்னா, அவ பையனும் நின்னான்.

"இப்பக் கேக்குதுங்களாம்மா?"ன்னாரு.

நல்லாக் கேக்குதுங்கன்னேன்.

"ஐயா, உங்களுக்கு?"

இவரு என்னைப் பாத்தாரு. "கேக்குதுங்க சார்."

"எத்தனை டிகிரி இருக்குமுங்க?"

நோட்டை வாசிச்சிட்டு வந்திருக்காரு பாருங்க. இவரு கண்ணை மூடுனாரு. "இருவத்தஞ்சு இருக்குமுங்க"ன்னாரு.

இன்ஜினீயரு வாசலைப் பாத்து, "கொண்டாங்கண்ணா"ன்னாரு. வயர்மேன் உள்ள வந்து, பீஸ் கட்டை மூணைப் பையில இருந்து எடுத்து எங்கூட்டு டீப்பாய் மேல வச்சாரு. "வீதிக்கே கரண்டு கட் பண்ணி முக்கா மணி நேரம் ஆச்சுங்க. இந்த வரிசைல ஒரு மோட்டாரு ஓடல, ஒரு ஃபேன் ஓடல"ன்னாரு. இன்ஜினீயரு மீட்டரைத் திருப்பிக் காமிச்சாரு. வெளிய காக்கா கத்தறப்ப மட்டும் அது கொஞ்சம் ஏறுச்சு.

எனக்கு அதுகூடப் பெருசாப் படல அம்மணி. கரண்டு இல்லாமலும் கேக்குதுன்னா, சரி, கரண்டுல ஓடாத ஏதோ ஒண்ணு. அதைத் தேடணும். ரெண்டு பேருக்குத்தான் கேக்குதே. அப்படித்தான் எனக்கு ஓடுச்சு.

இன்ஜினீயரு இவருகிட்டத் திரும்பி, கோவிச்சுக்காம, பைய்யத்தான் சொன்னாரு. "ஐயா, நீங்க எழுத்து மூலமாக் குடுத்திருக்கீங்க. இதை நம்புனா அந்தப் பையன் தொழிலை நான் நிறுத்தணும். அதனால ஒரே ஒருக்கா கேக்கறேன். உங்களுக்கு நெஜமாவே கேக்குதுங்களா?"

இவரு நவமணியப் பாத்தாரு. அவ பையனைப் பாத்தாரு. அந்த ஒரு வாட்டிதானுங்க அவரு என்னைப் பாக்காம பதில் சொன்னது.

"இல்லீங்க சார். எனக்கு ஒரு நாளும் கேட்டதில்ல."

ஊரு முன்னாடி. என் ஹால்ல, நான் போட்ட காப்பி ஆறிக்கிட்டு இருக்கறப்ப. நவமணி சீலைத் தலைப்பை எடுத்து வாயில வச்சுக்கிட்டா. என்னைப் பாத்து ஐயோ பாவம்னு நின்னா. அவ சண்டை போட்டிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். மக்கியாநாளு விடிஞ்சதும் பணியாரம் சுட்டு எடுத்துக்கிட்டுக்கூட வந்தா. நான் கதவைத் தெறக்கல. ஏன் தெறக்கணும்? அவகிட்ட நான் என்ன தப்புப் பண்ணுனேன்? எனக்கு ஆதாரம் இருந்துச்சு. நோட்டு இருந்துச்சு.

அன்னைக்குப் பொழுதோட, எல்லாரும் போனதுக்கப்புறம் அவருகிட்டக் கேட்டேன். ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்கன்னு. ஊரு முன்னாடி இல்லன்னு சொன்னதைக் கேக்கல. எட்டு மாசம் ஆமான்னு சொன்னதைக் கேட்டேன்.

"நீ ஒருத்தியாக் கேட்டுக்கிட்டுக் கெடக்கறயேன்னு மனசு தாங்கல புள்ள. கூட ஒரு ஆளு இருந்தா உனக்குத் தெம்பா இருக்குமின்னுதான்"னாரு.

தெம்பாத்தான் இருந்துச்சு. அதைத்தானுங்க என்னால பொறுக்க முடியல. சத்தம் பெருசில்ல அம்மணி, சத்தத்தை எப்படியோ தள்ளிரலாம். ரெண்டு பேரு அதுக்குள்ள இருக்கறோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பாத்தா நான் ஒருத்திதான் இருந்திருக்கேன். அவரு வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள இருக்கறாப்புலக் கொரல் குடுத்திருக்காரு. அடுத்தவங்க பால்ல தண்ணி கலந்ததை முப்பத்தொரு வருசம் சொட்டுச் சொட்டாக் கண்டுபுடிச்ச மனுசன். எங்கிட்ட வந்து இப்படிப் பண்ணிட்டாரு.

நான் அவரைக் கட்டாயப்படுத்துனேனாம். மக போன்ல சொல்றா. "ஏம்மா, அப்பா கேக்கலன்னு சொல்லியிருந்தா நீ விட்டிருப்பயா?"ங்கறா. நான் என்ன கழுத்துலயா கத்தி வச்சேன்? கேக்குதான்னு கேட்டேன், அவ்வளவுதான். கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லிப்போட்டுப் போகவேண்டியதுதானே. மூணு நாளு பேசமாட்டேன். அப்பறம் பேசியிருப்பேன்.

சித்திரைல நானே தனியாக் கோயமுத்தூரு வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரில காமிச்சேன். லேடி டாக்டரு. முக்கா மணி நேரம் எங்கிட்டப் பேசுனாங்க. ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணும் இல்ல. "ஏன் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியலம்மா. காரணமே தெரியாம நெறையப் பேருக்கு வருது. நிக்குமுன்னும் வாக்குக் குடுக்கமாட்டேன். ஆனா அதைப் பெருசா எடுத்துக்காம இருக்க மனசைப் பழக்கலாம், அதுக்கு வழி இருக்கு"ன்னாங்க. அப்பறம் கேட்டாங்க, ஏன்மா இத்தனை நாளு கழிச்சு வந்தீங்கன்னு. எட்டு மாசமா எங்க இருக்குதுன்னு காதைத் தீட்டித் தீட்டித் தேடுனதுல மனசு அதையே புடிச்சுக்கிச்சாம். இனிப் பழக்கறதுக்கு நாளாகுமாம். அந்த எட்டு மாசத்தை எனக்கு யாரு குடுத்தது? பின்னாடி உக்காந்திருக்காரே, அவருதான். அந்தத் திருப்பூரு டாக்டருகிட்ட, எனக்குக் கேக்கலீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே பழக ஆரம்பிச்சிருப்பேன். நவமணியும் எனக்கு இருந்திருப்பா.

இன்னைக்கு மூணாவது தடவை அங்கதான் போறேன். தொணைக்கு வேண்டாம்னு சொல்லல, சொல்றதுக்குத்தான் பேச்சே இல்லயே. ஆனா அவரு எனக்குத் தொணையா வர்றாருன்னு நெனச்சுக்காதீங்க. அவரு அவருக்கே வர்றாரு.

அந்தக் கூத்தைக் கேளுங்க. அது ஆரம்பிச்சு இன்னைக்குப் பதினோராவது நாளு. மொத நாளு காலைல காப்பி வச்சுட்டுத் திரும்பறேன், "வசந்தா, எனக்கு எடது காதுல ஒரு மாதிரி கேக்குது புள்ள"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் வாயைத் தெறந்தேன். எத்தனை டிகிரின்னேன். அவரு சிரிக்கல. "உன்னுதாட்டம் ஸ்ஸுனு இல்ல. காலிப் பால் கேனுக்குள்ள தலைய விட்டா ஊனு வருமே, அது. நிக்கவே மாட்டேங்குது"ன்னாரு. பாருங்க, முந்தி என்னையப் பாத்து எழுதுனவரு, இப்பச் சொந்தமா எழுதக் கத்துக்கிட்டாரு.

அன்னைல இருந்து அதே நாடகம். ஃபிரிட்ஜை நிறுத்தறாரு. எந்நேரமும் ரேடியோவை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. சாப்பாட்டைப் பாதில வச்சுட்டு எந்திரிச்சுப் போறாரு. அந்த லேடி டாக்டருகிட்ட அவரே போன் பண்ணித் தனியா டோக்கன் வாங்கியிருக்காரு. எனக்குப் பதினாலு, அவருக்குப் பதினஞ்சு. அங்கயும் என்னையவிட ஒண்ணு தள்ளி. என்னையப் பேச வைக்கறதுக்கு ஒரு மனுசன் எவ்வளவு தூரம் போவான் பாருங்க.

என்ன சொல்றீங்க? நெசமாவே இருந்தாவா?

நீங்க சின்னப் பொண்ணு, அவரு மூஞ்சியப் பாத்தா அப்படித்தான் தோணும். எனக்கும் ஒருக்காத் தோணுச்சு. முந்தாநேத்து கட்டல்ல உக்காந்து தலையைச் சாச்சுக்கிட்டு இருந்தாரு. கண்ணுல தண்ணி. "இதை வச்சுக்கிட்டு நீ எப்படிப் புள்ள இத்தனை நாளு இருந்த?"ன்னாரு. எனக்குப் பொக்குனு போச்சு. கை நீட்டி அவரு தோளைத் தொடப் போனேன். அப்பறம் ரோசனை வந்துச்சு. மாட்டு டாக்டரோட குழாயைச் செவுத்துல வச்சுக்கிட்டு நின்னாரே, அன்னைக்கும் இதே மூஞ்சிதானே.

அப்படியும் நான் மனசு கேக்காம ஒண்ணு பண்ணுனேன் அம்மணி. பக்கத்துல உக்காந்து, அவரு எடது காதுல என் காதை ஒட்ட வச்சுக் கேட்டேன். மண்டையோட மண்டை முட்டற அளவுக்கு. அவரும் ஆடாம அசையாம உக்காந்திருந்தாரு. ரொம்ப நேரம் கேட்டேன். என்னோட ஸ்ஸுதான் கேட்டுச்சு. வேற ஒண்ணுமே இல்ல. அவரு ஒருத்தருக்கு மட்டும் கேக்குதாம். அதை நான் எப்படீங்க நம்பறது?